துபாய் சிபிஎஸ்இ சான்றிதழ் இந்தியாவில் செல்லாதா?

“துபாயில் சிபிஎஸ்இ படித்தால் இந்தியக் கல்லூரியில் சேர இணைத்தன்மைச் சான்றிதழ் வேண்டும், பிள்ளையை உடனே ஊருக்கு அனுப்புங்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

வேறொரு நாட்டுப் படிப்பு இந்தியப் படிப்புக்குச் சமம் என்று சொல்வதுதான் இணைத்தன்மைச் சான்றிதழ். அது வெளிநாட்டுக் கல்வி வாரியங்களில் படித்தவர்களுக்குத்தான். துபாய்ப் பள்ளியிலும் மதிப்பெண் பட்டியல் தருவது அதே சிபிஎஸ்இ.

பார்க்க வேண்டியது வேறு. வாசல் பலகையில் ‘இந்தியப் பாடத்திட்டம்’ என்றிருந்தால் போதாது. சிபிஎஸ்இ அங்கீகாரம் பத்தாம் வகுப்பு வரைக்குமா, பன்னிரண்டு வரைக்குமா? சிபிஎஸ்இயின் ‘சரஸ்’ இணையதளத்தில் பள்ளியின் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். அப்புறம், துபாயின் தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான கேஎச்டிஏவின் தளத்தில் பள்ளியின் ஆய்வறிக்கையும் கட்டண விவரமும் இலவசமாகவே கிடைக்கின்றன. பேருந்துக் கட்டணத்தைத் தனியாகக் கேளுங்கள், அது பலருக்கும் பிறகுதான் உறைக்கிறது.

அந்தத் தகவல் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.