வயிற்றுப்போக்கோடு வந்தவரிடமும் கொரோனாவைத் தேடியிருக்க வேண்டும்

கொரோனா என்றதும் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் ஆகிய மூன்றையும் மனப்பாடமாகச் சொல்ல நாம் எல்லோரும் பழகிவிட்டோம். வயிற்றை யாரும் நினைக்கவில்லை. அந்த மறதியால் பலர் சிகிச்சைக்குத் தாமதமாக வந்து சேர்ந்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

2020 தொடக்கத்தில் சீனாவின் ஹூபே மாகாணத்தில் அனுமதிக்கப்பட்ட 204 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதேனும் ஒரு செரிமானத் தொல்லை இருந்ததைக் கண்டார்கள். அதில் பெரும்பங்கு பசியின்மைதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்தக் காய்ச்சலிலும் பசி மந்தப்படும் என்பதால் அதை நீக்கிவிட்டு வயிற்றுப்போக்கு, வாந்தி, வயிற்று வலி போன்றவற்றை மட்டும் எண்ணினால் 18.6 சதவீதம்தான் மிஞ்சுகிறது. என்னை உலுக்கியது அதே ஆய்வின் வேறொரு கணக்கு. வயிற்றுத் தொல்லை இல்லாதவர்கள் நோய் தொடங்கிச் சராசரியாக 7.3 நாட்களில் மருத்துவமனைக்கு வந்திருக்க, அது இருந்தவர்கள் வந்து சேர 9 நாட்கள் ஆகியிருந்தன. அவர்களில் ஒரு சிலருக்கு இருமலோ மூச்சுத் தொல்லையோ இல்லவே இல்லை. அப்படிப்பட்டவர் தமக்கு வந்திருப்பது கொரோனா என்று எப்படி ஊகித்திருப்பார்?

இந்த வைரஸ் உடலின் செல்களுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் சிறுகுடலின் உட்சுவரில் ஏராளமாக உண்டு. அமெரிக்காவில் முதன்முதலாக 2020 ஜனவரியில் உறுதிசெய்யப்பட்ட வாஷிங்டன் மாநில நோயாளிக்கும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. அவருடைய மலமாதிரியிலும் வைரஸின் மரபுப்பொருள் கிடைத்தது. தொண்டை மாதிரியில் வைரஸ் மறைந்த பிறகும் மலத்தில் அது தொடர்ந்து தென்பட்ட நோயாளிகள் உண்டு. (மரபுப்பொருள் கிடைப்பதாலேயே அது பிறருக்குத் தொற்றும் என்று முடிவு கட்டிவிட முடியாது.)

வயிற்றுப்போக்கு வந்தால் நிலைமை மோசமாகும் என்ற அச்சம் அந்த நாட்களில் பரவியது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் 634 நோயாளிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு இதற்கு நேர் எதிரான முடிவைத் தந்தது: செரிமான அறிகுறி இருந்தவர்களில் 15.7 சதவீதத்தினரும் இல்லாதவர்களில் 31 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். வயதையும் இணைநோய்களையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கும்போது, அறிகுறியைக் கண்டு அஞ்சுவதைவிட அதை அடையாளம் காணாமல் கழியும் நாட்களைக் கண்டுதான் அஞ்ச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே தொற்று பரவும் காலங்களில், வயிற்றுப்போக்கோடு வருபவரிடம் வெளியே என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாமல், வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சலோ வாசனை இழப்போ உண்டா என்றும் கேட்டு, ஐயம் இருந்தால் அன்றே கொரோனா பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்த நோயாளியின் கழிப்பறையைத் துப்புரவு செய்யும் பணியாளருக்கும் முகக்கவசமும் கையுறையும் முதல் நாளிலிருந்தே கிடைக்க வேண்டும்.