ஓநாயே இல்லாத இடத்திலும் மூஸ் சாகிறதே
ஓநாய், கரடி வேட்டை விதிகளைத் தளர்த்தினாலே மூஸ் என்ற பெரிய காட்டு மான்கள் பெருகிவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் ஓநாய்க் கூட்டமே கிடையாது. இருந்தும் அங்கே கன்றுகள் கொத்துக் கொத்தாகச் சாகின்றன. காரணம் குளிர்கால உண்ணி. ஒரே கன்றின் மேல் பல்லாயிரம் இருக்கும். ஒரு ஏப்ரலில் நியூ ஹாம்ப்ஷயரின் வடக்குப் பக்கம் காரில் போனபோது சாலையோரம் ஒரு கன்றைப் பார்த்தேன். மரத்தில் உரசி உரசிக் கழுத்து, தோள் முடியெல்லாம் உதிர்ந்து வெளிறிப்போயிருந்தது; காதோரம் காய்ந்த திராட்சை அளவுக்கு உண்ணிகள். நாங்கள் இறங்கிக் கிட்டே போயும் அதற்கு ஓடத் தெம்பில்லை. இலையுதிர் காலத்தில் செடி நுனியில் தொற்றக் காத்திருக்கும் உண்ணிக் குஞ்சுகளை முன்கூட்டியே விழும் பனிதான் தடுக்கும். இப்போது பனி தள்ளிப் போவதால் அவற்றுக்குக் கூடுதல் நாட்கள் கிடைக்கின்றன. மெய்ன் 2021-ல் ஒரு பகுதியில் நேர்மாறான வழியைச் சோதிக்கத் தொடங்கியது: பெண் மூஸ் வேட்டை அனுமதியைக் கூட்டி, மூஸ் நெரிசல் குறைந்தால் உண்ணியும் குறைகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். மினசோட்டா மாநிலத்தில் ஓநாயும் கரடியும் பிறந்த கன்றுகளை நிறையத் தின்கின்றன என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் சொல்லியிருப்பது சரிதான். ஆனால் அங்கே வளர்ந்த மூஸ்கள் சாவதில் வெள்ளைவால் மான் பரப்பும் மூளைப்புழுவுக்கும் பெரிய பங்கு உண்டு. அந்த மானைத் தின்பதும் இதே ஓநாய்தான். ஓநாயைச் சுடச் சொல்வதற்கு முன், வெள்ளைவால் மான் எண்ணிக்கையை யார் குறைப்பது என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.