72 மீட்டர், 8 மீட்டர்

ரயில் நிறுவனங்களில் பாதுகாப்புக் கலாச்சாரத்தை எப்படி அளப்பது என்று பேச்சு வந்தால் உடனே ஒரு படிவத்தை நீட்டுகிறார்கள். "மேலதிகாரி பாதுகாப்புக்கு முன்னுரிமை தருகிறாரா? 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள்." மேலதிகாரிக்குப் பயந்து வேலை பார்ப்பவர் 5 தான் போடுவார். அந்த மதிப்பெண்ணை நான் நம்பவில்லை.

ஜப்பானில் 2005 ஏப்ரல் 25 காலை, ஜேஆர் வெஸ்ட் என்ற ரயில் நிறுவனத்தின் வண்டி ஒன்று இத்தாமி ஸ்டேஷனில் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி 72 மீட்டர் போய்விட்டது. பின்னுக்கு எடுத்துக் கிளம்பியபோது ஒன்றரை நிமிடம்கூடத் தாமதமில்லை. 23 வயது டிரைவர் இன்டர்காமில் கார்டைக் கூப்பிட்டு, தூரத்தைக் குறைத்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். கார்டு கண்ட்ரோல் ரூமுக்குச் சொன்னது: 8 மீட்டர். டிரைவரின் கவனம் ரேடியோவில் ஓடிய அந்தப் பேச்சில் இருந்திருக்கிறது. 70 கி.மீ. வேகத்தில் போகவேண்டிய வளைவில் வண்டி 116-ல் நுழைந்தது. அமாகசாக்கியில் தண்டவாளத்தை ஒட்டிய அடுக்குமாடியில் போய் மோதியது. அவரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள்.

அந்தப் பையன் ஏன் அப்படிக் கெஞ்சினார்? முந்தைய வருடமும் ஒரு ஸ்டேஷனைத் தாண்டிப்போனதற்காக 13 நாள் 'நிக்கின் க்யோயிகு' என்ற மறுபயிற்சியை அனுபவித்தவர் அவர். பெயருக்குத்தான் பயிற்சி. உட்காரவைத்துத் திரும்பத் திரும்ப அறிக்கை எழுதவைப்பது, திட்டுவது. சிலரைப் புல் பிடுங்கவும் விட்டிருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

தெரியாமல் செய்த தவறுக்குத் தண்டனை கிடையாது என்று அந்த நிறுவனம் 2016-ல் முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் 2017 டிசம்பரில் நொசோமி புல்லட் ரயிலில் கருகல் வாடையும் விநோதச் சத்தமும் வந்தபோது, ஒக்கயாமாவில் பராமரிப்பு ஆட்கள் ஏறிப் பார்த்தும், வண்டி நகோயா வரை ஓடியது. சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் 14 செ.மீ. விரிசல், முழுதாக உடைய மிச்சம் 3 செ.மீ. சந்தேகம் இருந்தது. நிறுத்து என்ற வார்த்தைதான் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

அளக்கவேண்டியது இந்த இடைவெளியைத்தான். நடந்தது 72, மேலே போனது 8. இப்போது வண்டியிலேயே பதிவுக் கருவி இருக்கிறது. வருடத்தில் எத்தனை முறை வண்டி தாண்டிப்போனது, அதில் எத்தனையை டிரைவர்களே முன்வந்து சொன்னார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், சொன்னவர்களில் எத்தனை பேருக்கு மெமோ போனது என்று எண்ணுங்கள். சந்தேகத்தில் வண்டியை நிறுத்தி, கடைசியில் ஒன்றுமில்லை என்றான பிறகு, நிறுத்தியவரிடம் அடுத்த நாள் என்ன பேசினார்கள் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.