ஃபைபர் இழுக்க பில்டரிடம் எதற்குக் கெஞ்ச வேண்டும்?

புது ஃப்ளாட் வாங்கும்போது சதுர அடி என்ன விலை, யுடிஎஸ் (நிலத்தில் நம் பங்கு) எவ்வளவு, கார் பார்க்கிங் மூடியதா திறந்ததா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். இன்டர்நெட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. சாவி கைக்கு வந்த பிறகுதான் அந்தக் கூத்து ஆரம்பிக்கிறது.

சென்னை ஓஎம்ஆர் பக்கம் எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டை ஒப்படைக்கும்போது தந்த கணக்குத் தாளில் ஈபி டெபாசிட், மெட்ரோ வாட்டர், கார்பஸ் ஃபண்ட், மெயின்டெனன்ஸ் அட்வான்ஸ் எல்லாம் போட்டு, கடைசியில் ‘டேட்டா இன்ஃப்ரா சார்ஜ்’ என்று ஒரு தொகை, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சரி, கேபிள் போட்டிருப்பார்கள் என்று எல்லோரும் கட்டினோம். அப்புறம் கனெக்‌ஷன் கேட்டால் ஒரே ஒரு கம்பெனிதான், அவர்களும் இன்ஸ்டலேஷனுக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள், ஆறு மாதத் தொகையை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடியாம். வேறு கம்பெனி ஆள் டிரில்லிங் மெஷினும் ஒயர் சுருளுமாக வந்தால் வாட்ச்மேன் கேட்டிலேயே மறித்து, “சைட் ஆபீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க சார்” என்கிறார். அந்த லெட்டர் யாருக்கும் கிடைத்ததில்லை.

இன்ஸ்டலேஷன் கட்டணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆள் வர வேண்டும், ஃபைபரை ஒட்ட வேண்டும், ரௌட்டர் மாட்ட வேண்டும், அதற்குக் கூலி உண்டு. முதலில் பில்டர் வாங்கினாரே, அது எதற்கு? எங்கள் மாடியில் பைப்பும் கேபிளும் மேலேறிப் போகிற ஷாஃப்ட்டின் கதவைத் திறந்து பார்த்தேன். நல்ல அகலமான பிவிசி பைப், உள்ளே ஒல்லியாக ஒரே ஒரு கறுப்பு கேபிள், மீதி இடம் சும்மா கிடக்கிறது. பைப்புக்கு நாம் பணம் கொடுத்தோம், அதற்குள் யார் வரலாம் என்று முடிவு செய்வது பில்டர்!

இது புதுப் பிரச்சினையும் இல்லை. கட்டடத்துக்குள் ஒரே கம்பெனிக்குத் தனியுரிமை கொடுக்காதீர்கள், பைப்பையும் கேபிளையும் எல்லோரும் பகிர்ந்துகொள்ளட்டும் என்கிற ரீதியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 ஜனவரியிலேயே பரிந்துரை கொடுத்துவிட்டது. 2024 அக்டோபரில் கட்டடங்களின் டிஜிட்டல் வசதிக்கு நட்சத்திர மதிப்பீடு என்று விதிமுறையும் வந்தது. ஆனால் பில்டர் விரும்பினால்தான் விண்ணப்பிப்பார், விரும்பாதவரை யார் என்ன செய்வது?

வீடு வாங்குபவர்களுக்கான 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தில் பொது இடம் எது என்று விளக்கும் பகுதியில் மின்சாரம், எரிவாயு, தண்ணீர், கழிவுநீர் எல்லாம் பேர் சொல்லி வருகிறது, இன்டர்நெட் இல்லை. ஆனால் பொதுப் பயன்பாட்டுக்கான குழாய்த்தடங்கள் அதில் உண்டு. நான் வக்கீல் இல்லை, இருந்தாலும் ஷாஃப்ட் அசோசியேஷனுக்குச் சேர வேண்டியது என்று வாதாட இதுவே போதும் என்று தோன்றுகிறது.

எல்லோரையும் உள்ளே விட்டால் தெரு ஈபி கம்பத்தில் தொங்குகிற மாதிரி ஒயர் சிக்கலாகிவிடும் என்று பக்கத்து பிளாக் சார் ஒருவர் பயப்படுகிறார். பயம் நியாயம்தான். அதற்கு மூன்று நான்கு கம்பெனிகளுக்கு அனுமதி, கேபிளில் பெயர்ச்சீட்டு, பழையதைக் கழற்றிய பிறகே புதியது என்று அசோசியேஷன் விதி போடலாமே.

டேட்டா இன்ஃப்ரா தொகைக்குச் செலவு விவரமும், அந்தக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தின் நகலும் கேட்டு பில்டருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. ஃப்ளாட் புக் பண்ணப் போகிறவர்கள் அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடும் முன்பே இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே குடிபோனவர்கள், இந்த டேட்டா இன்ஃப்ரா சார்ஜ் உங்கள் கணக்குத் தாளிலும் இருந்ததா, எவ்வளவு கட்டினீர்கள் என்று கமென்ட்டில் போடுங்கள்.