ரோபோ என்ற சொல்லுக்குள் ஓர் அடிமை இருக்கிறான்

செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் ஒரு நாடகம் எழுத ஆரம்பித்திருந்தார். செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட தொழிலாளர்கள் வருகிற கதை. அவர்களை எப்படி அழைப்பது என்று பிடிபடவில்லை. 'லபோரி' என்று யோசித்துப் பார்த்தார், ஏட்டுத்தனமாகப் பட்டது. ஓவியரான அண்ணன் யோசெப்பிடம் போய்க் கேட்டார். அவர் தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தார். "அப்படியானால் ரோபோட் என்று வை" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி வரையப் போய்விட்டார். காரெலே 1933இல் எழுதிவைத்த சேதி இது.

செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் குடியானவன் கூலியில்லாமல் செய்துகொடுக்க வேண்டிய கட்டாய வேலை. நம் 'வெட்டி' என்ற சொல்லும் ஒரு காலத்தில் இதைத்தான் குறித்தது. இன்று 'வெட்டி வேலை' என்கிறபோது அந்த உழைப்பின் வலி யாருக்கும் நினைவில் வருவதில்லை. ரோபோவுக்கும் அதே கதிதான். நாடகம் 1920இல் அச்சாகி, 1922இல் நியூயார்க்கிலும் அடுத்த வருடம் லண்டனிலும் ஆங்கிலத்தில் மேடையேறியது. அந்த ஒரு சொல்லை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டார்கள். அதில் வரும் ரோபோக்கள் இரும்புப் பொம்மைகள் அல்ல. ரத்தமும் சதையுமாக, மனிதர்களைப் போலவே இருப்பவர்கள். வேலை வாங்கி வாங்கி ஒடுக்கப்பட்டுக் கடைசியில் கிளர்ந்தெழுகிறார்கள். இன்று ஆங்கிலத்தில் வீடு பெருக்கும் வட்டமான இயந்திரத்துக்கும் அதே பெயர்.

என் ஆதங்கம் இதுதான்: அறிவியல் புனைகதையிலிருந்து ஒரு சொல் அன்றாட ஆங்கிலத்துக்குள் நுழையும்போது, அந்தக் கதை விடுத்த எச்சரிக்கை வாசலிலேயே நின்றுவிடுகிறது.

எல்லாச் சொல்லுக்கும் இப்படி நேர்ந்தது என்று சொல்லமாட்டேன். 'ரோபாட்டிக்ஸ்' என்பதை ஐசக் அசிமோவ் 1941இல் ஒரு சிறுகதையில் எழுதினார். அப்படி ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது என்றே அவர் நினைத்திருந்தார். அது ஒரு துறையின் பெயராகிவிட்டது, அதில் யாருக்கும் நஷ்டமில்லை. கணினி வலைப்பின்னலுக்குள் இருக்கும் வெளியைக் குறிக்கும் 'சைபர்ஸ்பேஸ்' 1982இல் வில்லியம் கிப்சனின் சிறுகதையில் வந்தது. அதைப் பரவலாக்கிய நாவலை அவர் சாதாரணத் தட்டச்சுப் பொறியில்தான் எழுதினார். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஏதோ புரிந்ததுபோல் இருக்கும், உள்ளே பெரிதாகப் பொருள் கிடையாது, அதனால்தான் பிடித்தது என்று பிறகு அவரே சொன்னார். காலியாக இருந்த பாத்திரத்தில் ஊர் உலகமே தன் பொருளை ஊற்றிக்கொண்டது.

ஆனால் கணினிக்குள் உருவாக்கிய மாய உலகத்தைக் குறிக்கும் 'மெட்டாவெர்ஸ்' காலிப் பாத்திரம் அல்ல. நீல் ஸ்டீபன்சன் 1992இல் எழுதிய நாவலில் அரசாங்கம் நொறுங்கிப்போய், தனியார் நிறுவனங்கள் ஊரைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. நாயகன் சாமான் போட்டுவைக்கும் வாடகை அறை ஒன்றில் இன்னொருவரோடு குடியிருக்கிறான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெட்டாவெர்ஸுக்குள் போனால் மட்டும் அவனுக்கு நல்ல இடத்தில் சொந்த வீடு. நிஜ வாழ்க்கை எவ்வளவு கெட்டுப்போயிருந்தால் ஒருவனுக்கு அந்த இடம் தேவைப்படும் என்பதைக் கதை பக்கத்துக்குப் பக்கம் காட்டுகிறது. 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டு, நாம் எல்லோரும் போய்ச் சேரவேண்டிய எதிர்காலமாக அந்தச் சொல்லை முன்வைத்தது. சொல்லை எடுத்துக்கொண்டவர்கள் அந்த வாடகை அறையையும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சொற்கள் பொருள் மாறத்தான் செய்யும், சரி. அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். இந்தச் சொற்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "எழுத்தாளர் முன்கூட்டியே கணித்தார்" என்று பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோமே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. சாப்பெக் இயந்திரத்தைக் கணிக்கவில்லை. மனிதனை வெறும் உழைப்பாக மட்டும் பார்க்கிற கண்ணைப் பற்றி எழுதினார்.

அந்தச் சொல்லைக் கொடுத்த அண்ணன் யோசெப்பை 1939இல் நாஜிகள் கைது செய்தார்கள். ஒரு வதைமுகாமிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் முகாமில் அவர் இறந்துபோனார்.