அனிமேட்டிக் அழகாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை

சனிக்கிழமை நிகழ்ச்சியின் அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். இடது பக்கம் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்த பென்சில் ஸ்டோரிபோர்டு, கீழே 'முன்பு' என்று எழுத்து. வலது பக்கம் அதே கட்டங்கள் ஏஐ வீடியோவாக, கீழே 'இப்போது'. அரங்கமே கைதட்டுகிறது. இனிப் பென்சிலில் வரைபவர்கள் தேவையில்லை என்ற பொருளில் மேடையில் இருந்தவர் அதற்குப் பிறகு சொன்ன வாக்கியத்தை அப்படியே திரும்ப எழுத எனக்கு மனமில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். அனிமேட்டிக் என்பது ஸ்டோரிபோர்டுக் கட்டங்களைத் தற்காலிக ஒலியோடு வரிசையாக ஓட்டிப் பார்க்கும் மாதிரிப் படம். அது நேரம் பார்ப்பதற்கு. எந்தக் கட்டம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும், வசனம் எந்த இடத்தில் விழ வேண்டும் என்று பார்ப்பதற்கு. 1930களில் டிஸ்னி ஸ்டூடியோவில் படங்களைத் தனித்தனித் தாளில் வரைந்து சுவரில் குத்தி வைத்தார்கள். பிடிக்காத தாளைப் பிடுங்கி எறிய வசதியாக இருந்தது. அந்தத் தாள்களைப் படம்பிடித்து ஒலியோடு ஓட்டிப் பார்த்ததுதான் லைக்கா ரீல். இன்றைய அனிமேட்டிக்கின் பாட்டி அது. தூக்கி எறியலாம் என்பதுதான் அதன் பலமே. அழகாகிவிட்டால் யாருக்கும் எறிய மனம் வராது.

அந்தக் காணொளியிலேயே பாருங்கள். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்கில் ஒரு பாட்டி மின்தூக்கிக்கு முன்னால் நிற்கிறார். கதவு திறக்கிறது, உள்ளே யாரும் இல்லை. இடது பக்கக் கட்டத்தின் ஓரத்தில் 'அசைவு வேண்டாம், 4 வினாடி' என்று கையால் எழுதியிருக்கிறது. கதையே அந்த நான்கு வினாடிதான். வலது பக்கம் என்ன நடக்கிறது? பாட்டி சிரிக்கிறார், தலையைத் திருப்புகிறார், கேமரா மெதுவாக முகத்தை நோக்கிப் போகிறது. யார் கேட்டது? படத்திலிருந்து வீடியோ செய்யும் இந்தக் கருவிகளுக்கு எதையாவது அசைக்காமல் இருக்க முடிவதில்லை. சும்மா நில் என்று எழுதிக் கொடுத்தாலும் முந்தானையாவது ஆடும்.

அளவையும் பாருங்கள். ரன்வே, கிளிங் போன்ற ஏஐ வீடியோக் கருவிகள் ஐந்து வினாடி, பத்து வினாடித் துண்டுகளாகவே பழக்கப்படுத்திவிட்டன. 2025இல் ஒலியோடு வந்த கூகலின் வியோ 3 எட்டு வினாடி கொடுத்தது. நம் ஊர்த் தொலைக்காட்சிக்கு வினாடிக்கு 25 ஃபிரேம். ஒரு ஷாட்டுக்கு 14 ஃபிரேம், அதாவது அரை வினாடிக்குச் சற்று மேல், போதும் என்று ஓவியர் முடிவு செய்திருப்பார். கருவி தரும் துண்டில் கை மூன்றாவது வினாடியில்தான் உயரும். வெட்டினால் கை உயராது, வெட்டாவிட்டால் காட்சி இழுக்கும். அப்போது கதையின் வேகத்தை முடிவு செய்வது யார்?

"வாடிக்கையாளருக்குப் புரிய வேண்டாமா, கோடுகளைப் பார்த்து அவர் எப்படிக் கற்பனை செய்வார்?" என்று ஓர் அண்ணன் கேட்டிருந்தார். அண்ணே, புரியத்தான் வேண்டும். ஆனால் பளபளப்பானதைப் பார்த்தவர் நேரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. சேலை நிறம் ஏன் மாறியது, பாட்டிக்கு ஏன் இந்த மூக்கு என்று கேட்பார். பிறகு அதையே பிடித்துக்கொள்வார். 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துக்கு அலெக்ஸ் நார்த் இசை எழுதிக் கொடுத்தும், தற்காலிகமாகப் போட்டிருந்த பழைய இசைத் தட்டுகளையே ஸ்டான்லி கூப்ரிக் வைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய இயக்குநருக்கே தற்காலிகமானதை விட மனம் வரவில்லை. ஒரு விளம்பரத்துக்குப் பணம் போடுபவருக்கு வருமா?

குரல் விஷயம் என்னை இன்னும் அதிகமாக வருத்துகிறது. நான் வேலை பழகிய இடம் தாய் செங் பக்கம் ஒரு சின்ன எடிட்டிங் நிறுவனம். அனிமேட்டிக்கில் போடும் தற்காலிகக் குரலுக்கு ஆள் வைக்கக் காசு கிடையாது. ஒருமுறை பாட்டி வேடத்துக்குக் கணக்குப் பிரிவு அக்காவை இழுத்துக்கொண்டு வந்தோம். சுவரில் போர்வையைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தோம். பேரனைப் பார்த்து "வா" என்று ஒரே ஒரு சொல். அக்கா சட்டென்று சொல்லவில்லை. மூச்சை இழுத்தார், நிறுத்தினார், பிறகுதான் "வா" என்றார். எங்கள் சீனியர் எடிட்டர் சீனர், தமிழ் ஒரு சொல் தெரியாது. "அங்கிள், இந்த இடைவெளியை வெட்டிவிடவா?" என்று கேட்டேன். என் கையைத் தட்டிவிட்டார். அந்த மூச்சின் அளவுக்குக் கட்டத்தை நீட்டினார். கடைசியில் ஒளிபரப்பானதிலும் அதே நீளம்தான்.

ஏஐ தமிழ்க் குரல்கள் வராமல் இல்லை. ஏஐ குரல் நிறுவனமான எலெவன்லேப்ஸ் 2023லேயே தமிழைச் சேர்த்துவிட்டது. செய்தி வாசிப்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் தேக்கா சந்தையில் காய் வாங்கும் நம் பாட்டி "ஹ்ம், வந்துட்டியா" என்று இழுப்பதை அதில் நான் இன்னும் கேட்கவில்லை. அந்த இழுப்பில்தானே வெட்டு எங்கே என்று தெரியும்!

"நீங்கள் தொழில்நுட்பத்துக்கே எதிரி" என்பவர்களுக்கு: மின்தூக்கி மணி, மின்விசிறி, விடியற்காலைக் குயில் எல்லாவற்றையும் ஏஐ ஒலிக் கருவியில் நானே எடுக்கிறேன். தனியாகப் படம் செய்யும் மாணவர்கள் தாராளமாகப் பயன்படுத்தட்டும்.

"வேலை போய்விடும் என்ற பயம்தானே?" ஆமாம், பயம்தான். அதில் என்ன வெட்கம்? ஹாலிவுட் படங்களுக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்யும் ஐஎல்எம் தன் சிங்கப்பூர் ஸ்டூடியோவை மூடப்போவதாக 2023இல் அறிவித்தபோது 300 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். ஏஐதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரில் இந்தத் தொழில் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை எல்லோரும் பார்த்தோம். பார்த்த பிறகும் மேடையில் ஏறி அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டுமா?

சட்டம் பேசுகிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம், ஏஐக்குப் பயிற்சி கொடுப்பது போன்ற கணினித் தரவுப் பகுப்பாய்வுக்காகப் படைப்புகளை நகலெடுக்க அனுமதிக்கிறது, உண்மை. ஒருவர் வரைந்த கட்டத்தைக் கருவியில் ஏற்றி, அசையவைத்து, மேடையில் காட்டுவதா பகுப்பாய்வு? படைப்பைப் பொதுவில் காட்டும்போது படைப்பாளி பெயரைச் சொல்ல வேண்டும் என்ற உரிமையும் அதே 2021 சட்டத்தில்தான் வந்தது. அதை ஏன் யாரும் எடுத்துப் பேசவில்லை?

அந்த இடது பக்கக் கட்டங்களை வரைந்த பிள்ளையை எனக்குத் தெரியும். சொந்தமாக வேலை எடுத்துச் செய்பவள், எந்த நிறுவனத்திலும் இல்லை. முதுகு மட்டும் தெரியும்படி பாட்டியை எத்தனை விதமாக வரைந்து பார்த்தாள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். காணொளியில் அவள் பெயர் இல்லை. யாரும் அவளைக் கேட்கவில்லை. கைபேசியில் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்தது. அவளுடைய வேலைக்கு இப்போது பெயர் 'முன்பு'. நான் சண்டை போடுகிறேன் என்றேன். "வேணாம்ணே, அடுத்த வேலை கொடுக்கமாட்டாங்க" என்றாள். அதனால்தான் இங்கே பெயரை எழுதவில்லை.

ஏற்பாட்டாளர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் கட்டங்கள் யார் கையிலிருந்து வந்தன என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கே அவளை அழைத்துப் பேசுங்கள். சம்மதித்தால் பெயரைப் போடுங்கள். சம்மதிக்காவிட்டால் காணொளியை எடுத்துவிடுங்கள். பகிர்ந்தவர்களும் அதுவரை உங்கள் பக்கத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.