ஆறு கால் இருந்தால் உண்ணி இல்லையா?

கூடலூர், மசினகுடி வட்டாரங்களில் வாட்ஸ்அப்பில் பரவும் ஒரு செய்தி, ஆறு கால் கொண்டது உண்ணி அல்ல, வெறும் பூச்சிதான் என்கிறது. இது தவறு. முட்டையிலிருந்து வெளிவரும் உண்ணிக் குஞ்சுக்கு ஆறு கால்களே உண்டு. அது ரத்தம் குடித்துத் தோலுரித்து அடுத்த இளம்பருவமான நிம்ஃபை அடைந்த பிறகுதான் எட்டுக் கால்கள் அமைகின்றன. 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சலை மனிதருக்குப் பெரும்பாலும் கடத்துவது எள்ளளவே உள்ள இந்த நிம்ஃப் என்பதால், இத்தகைய செய்தியை அலட்சியமாக விட முடியாது.

நிறத்தை வைத்து இனத்தைச் சொல்லிவிடலாம் என்று அதே செய்தி சேர்த்துக்கொள்வதும் பொருந்தாது. ரத்தம் குடித்து உப்பியதும் நிறம் மாறிவிடும். நுண்ணோக்கியில் வாய்ப்பகுதியைத்தான் பார்க்க வேண்டும். குரங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஹீமாஃபைசாலிஸ் பேரினத்தின் நிம்ஃபில், வாயின் இருபுறமும் உள்ள உணர்விகளின் இரண்டாம் கணு பெரும்பாலும் வெளிப்புறம் விரிந்து துருத்தி நிற்கும். நாய் உண்ணியில் அவை குட்டையாகவும், தலையின் அடிப்பகுதி அறுகோணமாகவும் தெரியும். நடுவிலுள்ள, தோலில் குத்திப் பதியும் வாயுறுப்பான ஹைப்போஸ்டோமின் பின்னோக்கிய பற்களை எண்ணுவதற்கு, உண்ணியை மல்லாத்தி வைக்க வேண்டும்.

ஆகவே கடித்திருக்கும் உண்ணியைக் கிள்ளி எறியாமல், நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து, 70 விழுக்காடு ஆல்கஹாலில் போட்டு வையுங்கள். வாய் முறிந்து தோலுக்குள் தங்கிவிட்டால் அடையாளம் காண்பது கடினம்.